ஓரியின் வில்லில் செட்டிங்ஸ் இல்லை

சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கொல்லிமலை சுவர் எழுப்பினாற்போல் தெரியும். அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று வரிசையாகத் துளைத்துக்கொண்டு போய், கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் தைத்ததாம். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் சொல்லும் சேதி இது. பரிசில் வாங்கப் போன புலவர் கணக்கில் ஒன்றிரண்டு விலங்கைக் கூட்டிச் சொல்லியிருந்தாலும் குற்றமில்லை. ஓரிக்கு ஒரு வசதி இருந்தது. வில்லின் விறைப்பை ராத்திரிக்கு ராத்திரி மாற்றிப் பார்க்கும் ஆசை அவனுக்கு வந்திருக்க வழியில்லை. மலையடிவாரத்தில் இன்றைக்குத் திரையில் குறிபார்க்கும் பையன்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. செட்டிங்ஸைத் திறந்து ஓர் எண்ணை மாற்றினால் போதும், கையில் இருப்பது வேறு வில்லாகிவிடும்.

இந்தப் பக்கம் ஆட்டமெல்லாம் பெரும்பாலும் போனில்தான். பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது, அடுத்த ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது என்பதெல்லாம் பையன்களைவிட அவர்களின் பெற்றோருக்கு நன்றாக நினைவிருக்கும். கம்ப்யூட்டர் வைத்து வாலரன்ட் என்ற சுடும் ஆட்டத்தை ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் 'சென்ஸ் எவ்வளவு வெச்சிருக்க?' என்று ஆரம்பித்துப் பாதி ராத்திரிவரை வாதாடுகிறவர்கள் அந்தக் கொஞ்சம் பேர்தான். சென்ஸ் என்றால் சென்சிட்டிவிட்டி, மவுஸ் நகர்வுக்குத் திரையில் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று செட்டிங்ஸில் வைக்கும் எண்.

அப்படி ஒரு கல்லூரி மாணவர் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவருடைய மவுஸ் பேடில் ஒரே ஓர் இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது: மணிக்கட்டு ஊன்றும் இடம். முழங்கை மேஜைக்கு வெளியே தொங்கியது. மணிக்கட்டு ஊன்றிய இடத்தை விட்டு அசையவில்லை, விரல்களும் உள்ளங்கையும் மட்டும் வண்டியின் வைப்பர்போல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய்வந்தன. அவர் வைத்திருந்த எண் 1.2. யாரோ சொன்னார்கள் என்று அன்றைக்கு அதை 0.4க்கு இறக்கினார். ஒரு மணி நேரம் எதிரே வந்த ஒருவரையும் ஒழுங்காகச் சுட முடியவில்லை. விசைப்பலகையைச் சாய்த்து வைத்தார், தண்ணீர் பாட்டிலை மேஜையிலிருந்து தரைக்கு இறக்கினார், நாற்காலியை உயர்த்தினார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணா, கை வேற யாரோடதோ மாதிரி இருக்கு" என்றார்.

என்ன நடந்தது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் கம்ப்யூட்டருக்கு எத்தனை துடிப்பு அனுப்பும் என்பதுதான் டிபிஐ. அவர் மவுஸில் அது 800. ஒவ்வொரு துடிப்புக்கும் வாலரன்ட் நம் பார்வையை 0.07 டிகிரி திருப்பும். அதைச் சென்சிட்டிவிட்டி எண்ணால் பெருக்க வேண்டும். கவுன்ட்டர்-ஸ்டிரைக் என்ற இன்னொரு சுடும் ஆட்டத்தில் 0.07க்குப் பதில் 0.022. அதனால் ஓர் ஆட்டத்தின் எண்ணை அப்படியே இன்னோர் ஆட்டத்தில் போட்டுவிட்டு மவுஸைத் திட்டிப் பயனில்லை. 1.2இல், நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்ற மவுஸை 13.6 செ.மீ. நகர்த்தினால் போதும். 0.4இல் அதே சுற்றுக்கு ஏறக்குறைய 41 செ.மீ. வேண்டும். முப்பது டிகிரி தள்ளி ஓர் எதிரி தலைகாட்டினால், பழைய எண்ணில் கை 1.1 செ.மீ. போனால் போதும், புதியதில் 3.4 செ.மீ. போக வேண்டும். கையோ பழைய ஞாபகத்தில் 1.1 செ.மீ. போய் நின்றுவிட்டது. குறி பத்து டிகிரியிலேயே நின்றது. மீதி இருபதைச் சரிசெய்வதற்குள் ஆள் காலி.

கண்தான் பார்க்கிறதே, உடனே திருத்த வேண்டியதுதானே என்று தோன்றலாம். அதற்கு நேரம் கிடையாது. கண்ணில் விழுந்த பிழை மூளைக்குப் போய், அங்கிருந்து திருத்தம் கைக்கு இறங்கவே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடும். 'ஃபிளிக்' என்று சொல்கிறார்களே, சட்டென்று தலையை நோக்கி இழுப்பது, அந்த அசைவு முழுவதுமே அதைப்போல் இரண்டு மடங்கு நேரத்துக்குள் முடிந்துபோகும். ராபர்ட் வுட்வொர்த் என்ற அமெரிக்க உளவியலாளர் 1899இலேயே கை அசைவை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். முதலில் கண்ணை நம்பாத ஒரு பெரும் பாய்ச்சல், பிறகு கண் பார்த்துச் செய்யும் சின்னச் சின்னத் திருத்தம். பாய்ச்சல் சரியாக விழ வேண்டுமென்றால், இவ்வளவு தள்ளினால் இவ்வளவு போகும் என்பது அசைவு தொடங்கும் முன்பே மூளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாணவரின் மூளை அந்தக் கணக்கை 1.2க்குப் போட்டு வைத்திருந்தது.

இந்தக் கணக்கை வைத்துக்கொள்வதிலும் திருத்துவதிலும் பெரும்பங்கு சிறுமூளைக்கு. பின்மண்டைக்குள் கையளவுக்குக் கிடக்கிறது, எடையில் மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மனித மூளையில் இருப்பதாகச் சொல்லப்படும் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி அதற்குள் அடைந்து கிடக்கின்றன. அங்குள்ள பெரிய நரம்பணுக்களுக்குப் பர்கின்ஜி செல்கள் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான இழைகள் சேதி கொண்டுவருகின்றன. அவற்றோடு, தன்னந்தனியாக வேறொரு வகை இழை ஒன்றே ஒன்று வந்து அதைச் சுற்றி ஏறுகிறது. 'தப்பு நடந்துவிட்டது' என்று சொல்லும் வேலை அந்த ஒற்றை இழைக்கு, அது சொல்லச் சொல்ல மற்ற லட்சம் இழைகளின் பிடிமானம் மாறுகிறது என்ற கருத்தை 1969இல் டேவிட் மாரும் அதை ஒட்டி ஜேம்ஸ் ஆல்பஸும் முன்வைத்தார்கள். ஜப்பானில் மசாவோ இட்டோ பல ஆண்டுகள் பாடுபட்டு அதற்குச் சான்று தேடினார். சில விவரங்களில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனாலும் குறி தவறுவதுதான் இங்கே பாடம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தவறவே தவறாத கைக்குத் திருந்த வழியில்லை.

இதைக் கண்ணெதிரே காட்டும் பழைய சோதனை ஒன்று உண்டு. ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தது. காட்சியை ஒரு பக்கமாகத் தள்ளிக் காட்டும் பட்டகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதையாவது விரலால் தொடப் போனால் விரல் தள்ளிப் போகும். சில தடவையில் பழகிவிடும். கண்ணாடியைக் கழற்றினால் இப்போது விரல் எதிர்ப்பக்கம் தள்ளிப் போகும்! கண் சரியாகத்தான் பார்க்கிறது, கை மட்டும் கண்ணாடி இன்னும் இருக்கிறது என்ற நினைப்பில் இருக்கிறது. புதிய எண்ணில் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டுப் பழைய எண்ணுக்குத் திரும்பினால் குறி தலையைத் தாண்டிக்கொண்டு ஓடுவதும் இதே கதைதான். அதைப் பார்த்து 'பழசும் போச்சு' என்று பதறுகிறார்கள். போகவில்லை, கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் தாமஸ் தாக் குழுவினர் 1996இல் இதே பட்டகத்தைப் போட்டுவிட்டுக் களிமண் உருண்டைகளை இலக்கை நோக்கி எறியச் சொன்னார்கள். நல்ல உடல்நிலையில் இருந்தவர்கள் சில எறிகளில் பழகிக்கொண்டார்கள். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்கள் பலருக்குப் பழகவே இல்லை. எறிந்த ஒவ்வொன்றும் அதே அளவு தள்ளி விழுந்தது.

நல்ல சேதி ஒன்று இருக்கிறது. மாணவர் மாற்றியது திசையை அல்ல, அளவை மட்டும். அளவு மாற்றம் மூளைக்குச் சுலபமான பாடம். ஜான் கிராகவர் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் புள்ளியின் ஓட்டத்தைக் கை அசைவோடு ஒப்பிட்டு ஒரு தடவை பெரிதாக்கினார்கள், இன்னொரு தடவை திசையைத் திருப்பிவிட்டார்கள். திசை மாற்றத்தைப் பழகப் பலருக்கு நிறைய முயற்சி தேவைப்பட்டது. ஒரு திசையில் பழகியது அதை ஒட்டிய திசைகளுக்கு மட்டுமே உதவியது. அளவு மாற்றமோ விரைவில் படிந்தது, ஒரு திசையில் கற்றது எல்லாத் திசைக்கும் தானாகப் போய்ச் சேர்ந்தது. நாமக்கல் லாரி டிரைவர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். லாரியின் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப நான்கைந்து சுற்று வேண்டும், காரில் மூன்றை ஒட்டி முடிந்துவிடும். வாரம் முழுக்க லாரி ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறுகிறவர், எழுபது கொண்டை ஊசி வளைவில் முதல் ஒன்றிரண்டில் கொஞ்சம் அதிகமாக ஒடிப்பார். அதற்கப்புறம் பின்சீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு கணக்கையும் அவர் தனித்தனியே வைத்திருக்கிறார். தாக் குழுவினரும் இதைப் பார்த்தார்கள்: வாரக்கணக்கில் பட்டகத்தோடும் இல்லாமலும் மாறி மாறி எறிந்து பழகியவர்கள், கடைசியில் இரண்டு நிலையிலும் முதல் எறியையே இலக்கில் போட்டார்கள்.

அப்படியென்றால் மாணவர் ஏன் தடுமாறினார்? எண்ணை மாற்றியதோடு அவர் கையையும் மாற்ற வேண்டியிருந்தது. மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு கையைப் பக்கவாட்டில் ஆட்டினால் மவுஸ் ஏறத்தாழ பத்து செ.மீ.தான் போகும். எலும்பு அமைப்பு அவ்வளவுக்குத்தான் இடம் கொடுக்கும். 1.2இல் பின்னால் திரும்ப 7 செ.மீ. போதும் என்பதால் மணிக்கட்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. 0.4இல் அதே திருப்பத்துக்கு இருபது செ.மீ. வேண்டும். முழங்கையும் தோளும் இறங்கி வேலை செய்தாக வேண்டும். மணிக்கட்டு கற்ற பாடம் தோளுக்கு அப்படியே போய்ச் சேராது. அந்தக் களிமண் உருண்டைச் சோதனையில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: தோளுக்கு மேலே கையை ஓங்கி எறிந்து பழகியவர்களைக் கீழிருந்து எறியச் சொன்னபோது, பெரும்பாலோருக்கு அந்தப் பழக்கம் கூடவே வரவில்லை. அதே கை, அதே கண், அதே பட்டகம், ஆனாலும் பாடம் அந்த வகை எறிதலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக, எண்ணைப் பழகுவது மணிக்கணக்கு வேலை, கைப்பாணியைப் பழகுவது வாரக்கணக்கு வேலை. இரண்டையும் ஒரே ராத்திரியில் மாற்றிவிட்டுக் காலையில் பலன் தேடுகிறவர்தான் 'எனக்குச் சரிவரல' என்று மறுபடியும் எண்ணில் கை வைக்கிறார்.

அங்கேதான் கெடுகிறது. 2006இல் மாரிஸ் ஸ்மித்தும் ரெசா ஷாட்மெரும் மற்றவர்களும் காட்டியபடி, கை பழகுவதில் இரண்டு ஓட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று சட்டென்று கற்கும், சட்டென்று மறக்கும். இன்னொன்று மெதுவாகக் கற்கும், ஆனால் விடாமல் பிடித்து வைக்கும். முதல் அரை மணி நேரத்தில் வரும் முன்னேற்றம் முதலாவதின் உபயம். அதை நம்பி ஆட்டத்தை மூடினால் மறுநாள் பாதி காணாமல் போயிருக்கும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு 0.4ஐ 0.55 ஆக்கினால், மெதுவாகப் படிந்துகொண்டிருந்த இரண்டாவது ஓட்டம் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்கும். ஒரு பாடம் படிந்த கையோடு அதற்கு நேர்மாறானதைக் கற்றால் முதலாவது அழிந்துபோகும், நாலு மணி நேரம் இடைவெளி விட்டால் தப்பிக்கும் என்று 1996இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு சொன்னது. பின்னால் வந்த சோதனைகளில் அந்த நாலு மணி நேரக் கணக்கு அப்படியே திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் மாற்றி மாற்றிக் கற்பது ஒன்றையொன்று குழப்பும் என்பது நிற்கிறது.

சரி, எந்த எண்தான் நல்ல எண்? இதற்குப் பால் ஃபிட்ஸ் 1954இல் கண்ட விதி கொஞ்சம் வியப்பான பதில் தருகிறது. இரண்டு உலோகத் தகடுகளை மாறி மாறி ஓர் ஊசிமுனையால் தொடச் சொல்லி அவர் நேரம் அளந்தார். ஓர் அசைவுக்கு ஆகும் நேரம், போக வேண்டிய தூரத்துக்கும் இலக்கின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்பது அவர் முடிவு. சென்சிட்டிவிட்டியை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் கை போக வேண்டிய தூரம் மூன்று மடங்காகும். எதிரியின் தலைக்குக் கையளவில் கிடைக்கும் இடமும் மூன்று மடங்காகும். விகிதம் மாறவே இல்லை! ஃபிட்ஸின் கணக்குப்படி 1.2உம் 0.4உம் ஒன்றுதான். வித்தியாசம் வருவது இரு ஓரங்களில்: எண் மிக அதிகமானால் எல்லோர் கையிலும் நொடிக்குப் பத்துத் தடவைபோல் ஓடும் இயல்பான நடுக்கம் திரையில் பூதாகரமாகிவிடும், மிகக் குறைந்தால் மேஜை பத்தாது, தோள் ஓய்ந்துபோகும். நடுவில் பரந்த ஒரு வெளி இருக்கிறது. அதில் எந்த எண்ணையும் எடுக்கலாம், எடுத்ததை விடாமல் வைத்துக்கொள்வதுதான் பயன்.

எனவே எண்ணை மாற்றப் போகிற தம்பி தங்கைகளுக்கு: விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்ற வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். கை வேகத்துக்கு ஏற்ப அளவை அது மாற்றிக்கொண்டே இருந்தால், எந்தக் கணக்கைப் பிடிப்பது என்று மூளை தவிக்கும். மேஜையில் முழங்கைக்கு இடம் கொடுங்கள். இரண்டு வாரத்துக்குச் செட்டிங்ஸ் பக்கம் போகாதீர்கள். அதன் பிறகும் பின்னால் திரும்பும்போதெல்லாம் மவுஸைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தால் எண்ணைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தூரத்து ஆளின் தலைமேல் குறி நிற்காமல் உதறினால் கொஞ்சம் இறக்குங்கள். இரண்டும் இல்லாமல் வெறுமனே தோற்றுக்கொண்டிருந்தால், எதிரே ஆடுகிறவர் உங்களைவிட நன்றாக ஆடுகிறார்.