பாக்கெட்டின் பின்பக்கம் யாருக்கான கணக்கு?

அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் ஆவடி, பூந்தமல்லி கடைத்தெருக்களிலும் குழந்தைகளின் கண்ணுக்கு நேராகச் சரம்சரமாகத் தொங்குகின்றன நொறுக்குத்தீனி பாக்கெட்டுகள். முன்பக்கத்தில் சோளக்கதிர், தக்காளி, சிரிக்கும் கார்ட்டூன் பொம்மை. கூடவே ‘பல தானியம்’, ‘பொரிக்காதது’ என்ற வாசகங்கள். இவற்றை வைத்து ஊட்டச்சத்தை எடைபோட முடியாது. பின்பக்கம் திருப்பி ஊட்டச்சத்துப் பட்டியலைப் பார்க்கும் பெற்றோர் பாராட்டுக்குரியவர்கள். ஆனால், அங்கே அச்சாகியிருக்கும் சதவீதம் குழந்தைக்குப் போட்ட கணக்கு அல்ல என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகள், நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி தேவைப்படும் சராசரிப் பெரியவரை அளவுகோலாகக் கொண்டவை. அவருக்கு உச்சவரம்பு 2,000 மில்லிகிராம் சோடியம், 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை. நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கோ சுமார் 1,360 கிலோகலோரிதான் தேவை. குழந்தைகளின் உப்பு வரம்பை அவர்களின் ஆற்றல் தேவைக்கேற்பக் குறைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால், 30 கிராம் பாக்கெட்டில் 300 மில்லிகிராம். இரண்டரையால் பெருக்கினால் முக்கால் கிராம் உப்பு. லேபிள் கணக்கில் இது அன்றைய வரம்பில் 15 சதவீதம். ஐந்து வயதுக் குழந்தைக்கோ ஏறக்குறைய 22 சதவீதம். மாலையில் இரண்டு பாக்கெட் தின்றால், இட்லி, சாம்பார், ஊறுகாயின் உப்பு சேரும் முன்பே பாதியை நெருங்கிவிடும்.

‘ஒரு பரிமாறல் 20 கிராம்’ என்று சிறிய எழுத்தில் இருந்தால், முழு பாக்கெட்டின் எடை எவ்வளவு என்று பாருங்கள். குழந்தை பாதியில் நிறுத்தாது. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகத்தான் எழுத வேண்டும். முகப்பில் ராகி பெரிதாக இருக்க, பட்டியலில் சோளமாவும் பாமாயிலும் முதலில் வந்து, ராகி கடைசியில் ஒற்றை இலக்கச் சதவீதத்தில் நின்றால், அது ராகித் தின்பண்டம் அல்ல. பொரிக்காவிட்டாலும் மேலே எண்ணெய் தெளிக்கப்பட்டிருக்கலாம். மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு என்ற இரண்டு வரிகள் அதைச் சொல்லிவிடும்.

“ஒரு பாக்கெட்டில் என்ன ஆகிவிடப் போகிறது?” என்பார்கள். என்றோ ஒருநாள் என்றால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால், ஐந்து, பத்து ரூபாய் பாக்கெட் என்றோ ஒருநாளுக்காகத் தயாராவதில்லை. தினசரிப் பழக்கத்தை நம்பியே விற்கப்படுகிறது. உப்புச் சுவைக்கு நாக்கு பழகுவதும் இந்த வயதில்தான். “வீட்டு முறுக்கும் எண்ணெயில் பொரித்ததுதானே?” என்பதும் நியாயமான கேள்வியே. அதையும் தினமும் கொடுக்க வேண்டியதில்லை. “இருவரும் வேலைக்குப் போகிறோம், நேரம் எங்கே?” என்பதுதான் உண்மையான சிக்கல். அதற்கு விடை சமையலறையில் மணிக்கணக்கில் நிற்பது அல்ல: வாழைப்பழம், பொட்டுக்கடலை, காலையிலேயே வேகவைத்த சுண்டல். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு வேர்க்கடலையும் தரலாம். சிறு குழந்தைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு.

ஆனாலும் முழுப் பொறுப்பையும் பெற்றோர் தலையில் கட்டுவது நியாயமல்ல. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் பள்ளி உணவு விதிமுறைகள். தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவு பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. சந்தேகம் வந்தால் பாக்கெட்டையும் பில்லையும் பத்திரப்படுத்தி, இரு பக்கமும் படமெடுத்துப் புகார் அனுப்புங்கள். அம்பத்தூர்வாசிகள் சென்னை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரையும், ஆவடி, பூந்தமல்லிவாசிகள் திருவள்ளூர் மாவட்ட அலுவலரையும் அணுக வேண்டும். தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணமே கிடையாது.

சிலி நாடு 2016 முதலே பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியது. இங்கே முகப்பு லேபிள் குறித்து மூன்று மாதங்களுக்குள் பரிந்துரை தரும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உத்தரவிட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் தாய்க்கும் ஒரே பார்வையில் புரியும் எச்சரிக்கை, தமிழிலும், முன்பக்கத்திலேயே வர வேண்டும். அதுவரை, காசு கொடுக்கும் முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அங்குள்ள சதவீதம் உங்களுக்கானது, உங்கள் பிள்ளைக்கு அது இன்னும் அதிகம் என்பதை மறவாதீர்கள்.