லீவில் வரும் சிப்பாய்: அன்றும் இன்றும்

ஒரு காலத்தில் தென்காசி ரயில் நிலையத்தில் இறங்குகிற மிலிட்டரிக்காரரைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். கையில் கறுப்பு டிரங்குப் பெட்டி. அதன் மூடியில் வெள்ளைப் பெயின்டில் நம்பர், பெயர், யூனிட். ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று திரும்பிச் சாரல் விழ ஆரம்பித்ததும் லீவு கேட்டு வாங்கி வருகிறவர்கள் உண்டு. மறுநாள் காலையில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலம் பேரருவியில் நின்றுவிட்டு வீடு திரும்பினால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி கேட்பாள்: “எப்பம்ல கல்யாணம்? இந்த லீவுலயே முடிச்சிருவமா?”

அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்ல முடியாதவர்களும் அந்த ரயில்களில் வந்திருப்பார்கள். ஆணாகப் பிறந்து ஆணை விரும்புகிறவர்கள் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். தென்காசியிலும் இருக்கிறார்கள், மதராஸ் ரெஜிமென்டிலும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒருவருக்குப் பெண் பார்த்துவிட்டதாகத் தந்தி வந்தால் லீவை ரத்து செய்துகொண்டு முகாமிலேயே தங்கிவிடலாம். இல்லையென்றால் ஊரார் முன்னால் தாலி கட்டிவிட்டு, மூன்றாம் வாரம் ரயிலேறி, அந்தப் பெண்ணையும் சேர்த்துத் தனிமையில் தள்ளலாம். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி அவருக்கு இருக்கவில்லை. களப்பகுதியிலிருந்து எழுதும் கடிதத்தை யூனிட்டில் பிரித்துப் பார்க்கவும் செய்வார்கள். மனதில் இருப்பதை அவர் யாருக்கு எழுதுவார்?

அவர் தலைக்கு மேல் இரண்டு சட்டங்கள் தொங்கின. ஒன்று, 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு. அது எல்லாருக்கும் பொது. மற்றது 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம். ஆபாசமான, இயற்கைக்கு மாறான இழிசெயல் என்று கருதப்படுவதற்கு அதன் 46ஆம் பிரிவு ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. பதவிக்கு ஒவ்வாத நடத்தை என்ற பெயரில் அதிகாரிகளைப் பிடிக்க 45ஆம் பிரிவு இருக்கிறது. தன்பால் ஈர்ப்பாளராக இருப்பதே குற்றம் என்று இவற்றில் எங்கும் எழுதவில்லை. ஆனால் எது இழிசெயல் என்று முடிவு செய்கிறவர்கள் மேலதிகாரிகளும் கோர்ட் மார்ஷலும்தான். பதினைந்து வருஷம் முடித்தால்தான் சிப்பாய்க்குப் பென்ஷன் என்னும்போது, பதினான்காம் வருஷத்தில் எவன் வாயைத் திறப்பான்?

இன்று டிரங்குப் பெட்டி போய், சக்கரம் வைத்த பை வந்துவிட்டது. கடிதம் போய், வீடியோ கால் வந்துவிட்டது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயது வந்த இருவர் மனமொத்து உறவு கொள்வது குற்றமல்ல என்றார்கள். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 என்ற பிரிவே கிடையாது.

தமிழ்நாட்டில் மாற்றம் இன்னும் ஒரு படி முன்னே போனது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பால் ஈர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்றுகிறேன்’ என்ற பெயரில் நடக்கும் கொடுமைகளைத் தடுக்கச் சொன்னார். காவல்துறைக்கும் அறிவுறுத்தினார். அதைத் தொடர்ந்து 2022இல் காவலர் நடத்தை விதிகளில், பாலினச் சிறுபான்மையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று தனி விதியே சேர்ந்தது. அதற்கும் முன்பே, திருநங்கை பிரித்திகா யாஷினி 2015இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு பெற்று, 2017இல் தர்மபுரியில் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றிருந்தார். அவர் பெயரை நான் எழுதும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆக, சீசனில் பேரருவிக்கரையில் விசில் ஊதிக் கூட்டத்தை நகர்த்துகிற காக்கிச் சட்டைக்காரரை ஒரு புதிய விதி கட்டுப்படுத்துகிறது. அவர் நகர்த்துகிற கூட்டத்தில் லீவில் வந்த சிப்பாய் ஒருவர் நின்றால், அவரைக் கட்டுப்படுத்துவது 1950ஆம் ஆண்டின் சட்டம். மத்தளம்பாறையில் சோஹோவில் வேலை பார்க்கும் அண்ணனுக்குக் கிடைத்த 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு, எல்லையில் நிற்கும் தம்பிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இது என் ஊகம் அல்ல. 2019 ஜனவரியில் அன்றைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத், ராணுவம் பழைமைப் போக்குடையது, தன்பால் உறவை உள்ளே அனுமதிக்க மாட்டோம் என்று செய்தியாளர்களிடமே சொன்னார். ஆயுதப் படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் கட்டுப்படுத்தலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவு. பொதுச் சட்டத்தில் ஒன்று குற்றமல்ல என்று ஆனபின்பும் படைக்குள் நடவடிக்கை தொடரலாம் என்பதை, பிறன்மனை உறவு பற்றிய வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே விளக்கியது.

மேஜர் ஜே. சுரேஷின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ராணுவத்தில் பணியாற்றி, 2010இல் விலகினார். தான் தன்பால் ஈர்ப்பாளர் என்று 2020இல் வெளிப்படையாக எழுதினார். அவர் வாழ்க்கையால் உந்தப்பட்டு இயக்குநர் ஓனிர் ஒரு படத்துக்குக் கதை எழுதிப் பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி கேட்டார். 2022 ஜனவரியில் மறுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் மக்களவையில் வந்த கேள்விக்கு, காஷ்மீரில் ஒரு ராணுவ வீரருக்கும் உள்ளூர் இளைஞனுக்கும் காதல் என்று காட்டுவது படையின் பெயரைக் கெடுக்கும் என்று அரசு பதில் தந்தது. இத்தனை ஆண்டுகள் நாட்டுக்காகச் சீருடை அணிந்த ஒருவரின் நேசத்தைக் கதையாகச் சொன்னாலே கெட்டுப்போகும் பெயரா இது? எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

எதிர்ப்பவர்கள் சொல்வதையும் அலட்சியப்படுத்த நான் விரும்பவில்லை. ஒரே பாரக், பக்கத்துப் பக்கத்துக் கட்டில், பொதுக் குளியலறை, ஒருவர் உயிர் அடுத்தவர் கையில். இதற்குள் ஈர்ப்பு புகுந்தால் கட்டுப்பாடு குலையாதா என்கிறார்கள். அவர்களைக் குற்றாலத்துக்கு அழைக்கிறேன். பேரருவியில் ஆண்கள் பக்கம் துண்டும் ஜட்டியுமாக, முன்பின் தெரியாதவர்களின் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் தலைமுறை தலைமுறையாகக் குளிக்கிறோம். தன்பால் ஈர்ப்பாளர்களும் அந்த வரிசையில் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். எவர் குளியலும் அதனால் கெடவில்லை. தகாத முறையில் கை வைப்பவன் எவனாக இருந்தாலும் அவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், அது வேறு சங்கதி. பாரக்கிலும் இப்படித்தான். அவர்கள் புதிதாக வரப்போவதில்லை. நேற்று ராத்திரியும் அடுத்த கட்டிலில் படுத்திருந்தவர்கள்தான்.

பிரிட்டன் 2000 ஜனவரியில் தன் படையில் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு இருந்த தடையை நீக்கியபோது செய்ததும் அதுவே. யார் யாரை விரும்புகிறார் என்று பார்க்காமல், நடத்தையைப் பார்க்கும் ஒரே விதியை எல்லாருக்கும் வைத்தார்கள். அமெரிக்கா ‘கேட்காதே, சொல்லாதே’ என்ற கொள்கையால் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியே அனுப்பியது. போர்க்காலத்தில் தேவைப்பட்ட அரபி மொழிபெயர்ப்பாளர்களும் அதில் போனார்கள். கடைசியில் 2011 செப்டம்பர் 20 அன்று அந்தக் கொள்கைக்கு முடிவு கட்டினார்கள். இரண்டு படைகளும் குலைந்துபோகவில்லை.

பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அவர் எதிர்த்து நின்ற வெள்ளையர் ஆட்சியின் வாரிசுகள் எழுதிய ஒழுக்கச் சட்டத்தின் மொழியை நம் படை இன்னும் வைத்திருக்கிறது. எழுதியவர்களோ 2023 ஜூலையில், தாங்கள் துரத்திய வீரர்களிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டவர் அன்றைய பிரதமர் ரிஷி சுனக். பறித்த பதக்கங்களைத் திருப்பித் தந்தார்கள், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 50,000 பவுண்டு இழப்பீடும் அறிவித்தார்கள்.

அதிகாலையில் தென்காசிப் பக்கத்து மைதானங்களில் பையன்கள் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மூச்சு வாங்கப் பழகுகிறார்கள். மார்பளவு எடுக்கும்போது ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டுமே என்று தம் பிடிக்கிறார்கள். தேர்வானால் அக்னிவீரராக நான்கு ஆண்டு, அதன்பின் கால்பங்குப் பேர்தான் நிலைக்க முடியும். அந்த நாலு வருஷத்தில் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை தவறிச் சொன்னால் எல்லாம் போய்விடும் என்று அவர்களில் ஒருவன் பயப்பட வேண்டியிருக்கிறது. ராணுவச் சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. 2022இல் அந்தப் படத்தைப் பற்றிக் கேள்வி கேட்டவர் அன்று உத்தரப் பிரதேசத்து உறுப்பினராக இருந்த வருண் காந்தி. தென்காசித் தொகுதியிலிருந்தும் ஓர் உறுப்பினர் டெல்லிக்குப் போகிறார். 46ஆம் பிரிவைப் பற்றி அவர் கேட்கட்டும். கேட்கும்படி அவரிடம் நாம் சொல்வோம்.