பொதுக் காரணியும் ரகசியப் பூட்டும்

கலியாண வீட்டில் 84 வாழைப்பழங்களும் 126 லட்டுகளும் இருக்கின்றன. ஒன்றும் மிஞ்சாமல், எல்லாப் பைகளிலும் ஒரே அளவாகப் போட்டால், அதிகபட்சம் எத்தனை பைகள் கட்டலாம்? மீப்பெரு பொதுக் காரணி என்று பள்ளிக்கூடத்தில் நாம் கற்பிக்கும் கணக்கு இதுதான்.

ஒன்றாலும் தம்மாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத 2, 3, 5, 7 போன்றவை பகா எண்கள். 84-ஐ அவ்வெண்களாகப் பிரித்தால் 2×2×3×7. 126-ஐப் பிரித்தால் 2×3×3×7. இரண்டிலும் பொதுவாயுள்ள 2, 3, 7 ஆகியவற்றைப் பெருக்க 42. ஆகவே 42 பைகள். பை ஒன்றுக்கு இரண்டு பழம், மூன்று லட்டு. 84-இல் 2 இருமுறை வந்தாலும் 126-இல் ஒருமுறையே வருவதால், ஒரு 2-ஐ மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் தடுமாறுமிடம் இதுவே.

பொதுக் காரணி எங்கிருந்து பிறக்கிறது என்பதை இம்முறை கண்ணெதிரே காட்டிவிடுகிறது. ஆதலால் இதையே முதலில் கற்பிக்கிறோம். ஆனால் எண்கள் பெருத்தால் இது திணறும். 8633-ஐயும் 8989-ஐயும் பிரித்துப் பாருங்கள்! கிரேக்க அறிஞர் யூக்ளிட் கி.மு. 300-ஐ ஒட்டி எழுதிவைத்த வழி வேறு. பெரியதைச் சிறியதால் வகுத்து, வரும் மீதியால் சிறியதை வகுத்துக்கொண்டே போகவேண்டும். 8989-ஐ 8633-ஆல் வகுக்க மீதி 356. 8633-ஐ 356-ஆல் வகுக்க மீதி 89. 356-ஐ 89 மீதியின்றி வகுக்கிறது. 89-தான் விடை. அது கிடைத்ததும் பகாக் காரணிகளும் வெளிப்படுகின்றன: 89×97, 89×101.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. இணையத்தில் செல்லும் செய்திகள் பிறர் கண்ணிற் படாமலிருக்க, 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்னும் மூவர் ஒரு ரகசியப் பூட்டை வகுத்தனர். இரண்டு மாபெரும் பகா எண்களைப் பெருக்கிவந்த எண்ணை ஊரறிய வெளியிடலாம். அதைப் பிரிக்கத் தெரிந்தவரே பூட்டைத் திறக்க முடியும். தக்கபடி அமைந்த முந்நூறு இலக்க எண்ணைப் பிரிப்பது கணிப்பொறிக்கும் மலைப்பான வேலை.

2012-இல் ஆராய்ச்சியாளர் சிலர் இத்தகைய எண்களை லட்சக்கணக்கில் திரட்டி, அவற்றினிடையே பொதுக் காரணி தேடினார்கள். இணையத்தைப் பகிர்ந்தளிக்கும் கருவிகள் பல, பகா எண்களைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கத் தவறியிருந்தன. ஒரே பகா எண் பல பூட்டுகளிற் புகுந்திருந்தது. பல்லாயிரம் கருவிகளின் பூட்டுகள் திறந்துகொண்டன. தனித்தனியே அசையாத இரண்டு எண்கள், ஒரு காரணியைப் பகிர்ந்துகொண்டதால் இரண்டுமே வீழ்ந்தன.

இந்தக் கணக்கு எதற்கு உதவுமென்று வீட்டுக் குழந்தைகள் கேட்டால், 8633, 8989 என்ற இரண்டு எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.