மூடிப்போன ஏர்லைன்ஸின் மாடல் விமானம்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் புறப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2005இல் பறக்கத் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் 2010இலேயே முடங்கியது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்து பெயரை இழந்தது. ஒரு ஏர்லைன்ஸ் இப்படிப் போனதும் அதன் வண்ணத்தில் வந்த குட்டி மாடல் விமானங்களுக்கு மவுசு கூடிவிடும். புதிதாக யாரும் அதிகம் போடப்போவதில்லை, இருப்பது இவ்வளவுதான் என்ற எண்ணமே விலையை ஏற்றுகிறது.

சேகரிப்பவர்களில் எல்லா வகையினரும் உண்டு. அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள், முதல் விமானப் பயணத்தை அதில் போனவர்கள், விமானம் என்றாலே கிறுக்குப் பிடித்தவர்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் ஆசை அவசரப்படும். ஏமாற்றுக்காரருக்கு வேண்டியதும் அந்த அவசரம்தான். பறந்துகொண்டிருக்கும் ஏர்லைன்ஸ் என்றால் "இது உங்கள் அனுமதியோடு வந்ததா?" என்று ஒரு மெயில் போட்டுக் கேட்கலாம். மூடிப்போன நிறுவனத்தில் பதில் சொல்ல ஆளில்லை. ஆகவே பொருளும் அதனோடு வரும் காகிதமும்தான் பேச வேண்டும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். சந்தையில் அதிகம் புழங்குவது 1:400, 1:200 என்ற இரண்டு அளவுகள். கணக்கு எளிது. போயிங் 737-800இன் நீளம் 39.5 மீட்டர். 1:400இல் அது பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், 1:200இல் இருபதுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்க வேண்டும். "1:200, பெரிய சைஸ்" என்று விளம்பரம் செய்துவிட்டுப் பதினைந்து சென்டிமீட்டரில் ஒன்றை அனுப்பினால், அந்த அச்சு வேறு எதற்கோ வார்த்தது. ஸ்கேல் எடுத்து அளந்தாலே பாதிப் பொய் வெளியே வந்துவிடும்.

மீதிப் பொய் வால்பகுதியில் இருக்கும். ஜெமினி ஜெட்ஸ், ஹெர்பா, ஜேசி விங்ஸ் போன்ற பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் லோகோவையும் எழுத்துகளையும் உலோகத்தின் மீது நேரடியாக அச்சடிக்கிறார்கள். மலிவான வேறொரு மாடலை வாங்கி, பழைய பெயிண்டை நீக்கி, தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் போட்டு "ஒரிஜினல் கிங்ஃபிஷர்" என்று விற்பது இத்தொழிலின் பழைய வித்தை. செல்போன் டார்ச்சை வாலுக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய படுக்கை வசமாகப் பிடித்துப் பாருங்கள். டெக்கால் என்றால் லோகோவைச் சுற்றி மெல்லிய பிலிமின் விளிம்பு மின்னும்; ஜன்னல் வரிசை கதவுக் கோட்டின் மீது ஏறி மடங்கியிருக்கும். நேரடி அச்சில் அந்த விளிம்பு இருக்காது. டெக்கால் போட்ட மாடல் எல்லாமே மோசடி என்று சொல்லவில்லை. கைவேலை செய்து அழகாக மாற்றியமைப்பவர்கள் இருக்கிறார்கள், அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டமும் உண்டு. "கஸ்டம்" என்று சொல்லி விற்றால் நேர்மை, மறைத்து விற்றால் ஏமாற்று.

மாடலின் பின்னுடலில் பதிவு எண் இருக்கும். இந்திய விமானங்களுக்கு அது விடி என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்த எண்ணுள்ள நிஜ விமானம் எந்த ரகம், எந்த நிறுவனத்தில் பறந்தது என்பதைப் பழைய படங்களைத் தேடிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். ரகத்தையும் சரிபாருங்கள். கிங்ஃபிஷர் ஓட்டியது ஏர்பஸ்ஸும் ஏடிஆரும்; அதன் நிறத்தில் ஒரு போயிங் வந்தால் அது கற்பனைச் சரக்கு. 2005இல் அந்நிறுவனம் ஐந்து ஏ380 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது, ஒன்றுகூட வந்து சேரவில்லை. ஆகவே "கிங்ஃபிஷரில் பறந்த ஏ380" என்று யாராவது கதை விட்டால் சிரித்துவிட்டு நகரலாம். பாரமவுண்ட் என்றால் எம்ப்ரேயர் 170, 175 ரகங்கள்தான் நினைவுக்கு வர வேண்டும்.

இன்னொரு வகைச் சரக்கு உண்டு. டிராவல் ஏஜென்சி மேசையிலும் ஏர்லைன்ஸ் அலுவலக வரவேற்பறையிலும் ஸ்டாண்டில் நின்ற பெரிய மாடல்கள். இவற்றுக்குத்தான் விலை எகிறுகிறது. சட்டச் சிக்கலும் இங்கேதான் அதிகம். நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்த பொருள் நிறுவனத்தின் சொத்து. திவால் நடவடிக்கையில் இருக்கும்போது அதை விற்கும் அதிகாரம் அதற்கென நியமிக்கப்பட்டவருக்கே உண்டு. ஜெட் ஏர்வேஸைக் கலைத்துக் கடன்காரர்களுக்குப் பணம் பிரிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில்தான். அதாவது, பறப்பது நின்று ஐந்தரை வருடம் ஆகியும் அதன் சொத்துகளுக்குக் கணக்கு இருந்தது. "ஆபீஸ் மூடும்போது எடுத்து வைத்தேன்" என்பவரிடம் ஏல ரசீது உண்டா, பரிசாகக் கொடுத்ததற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் குற்றம். அதே சமயம் சம்பள பாக்கியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஊழியர்கள் பலர், பணிக்காலத்தில் பரிசாகப் பெற்ற மாடலை மனமில்லாமல் விற்கிறார்கள். அவர்களைத் திருடர்களைப் போல விசாரிக்க வேண்டாம். கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் இருவருக்கும் நல்லது.

நிறுவனம் போய்விட்டதால் அதன் லோகோ பொதுச் சொத்து ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸின் பெயரும் லோகோக்களும் கடனுக்கு ஈடாக வங்கிகளிடம் இருந்தன. 2016 ஏப்ரலில் ரூ.366.70 கோடி அடிப்படை விலை வைத்து ஏலம் விட்டார்கள். கேட்பார் இல்லை. வாங்க ஆளில்லாத சொத்தும் சொத்துதான். வணிக முத்திரைப் பதிவு பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கக் கூடியது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாத முத்திரையை நீக்கக் கோரி மனுப் போடலாமே தவிர, தானாக அது யாருக்கும் சொந்தமாகாது. உங்கள் அலமாரிக்காக ஒரு மாடலுக்கு நீங்களே லோகோ ஒட்டிக்கொண்டால் யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. அதையே அச்சடித்து விற்கத் தொடங்கினால் கதை வேறு: வணிக முத்திரைகள் சட்டத்தின் 103, 104ஆம் பிரிவுகளில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. அசல் மாடலை வாங்கி, அப்படியே மறுவிற்பனை செய்வதற்கு இந்தப் பயம் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுங்க அட்டவணையில் பொம்மைகளும் அளவு குறைத்த மாடல்களும் 9503 என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. அந்தத் தலைப்புக்கான அடிப்படை வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. சொந்த உபயோகத்துக்குக் கூரியரில் வரும் பொருளுக்குத் தனி விகிதம் உண்டு, அதுவும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். ஆகவே ஆர்டர் போடும் முன் கூரியர் நிறுவனத்திடம் அன்றைய விகிதத்தைக் கேட்டு, அதற்கு மேல் வரும் ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். "கிஃப்ட் என்று எழுதி அனுப்புகிறேன், வரி வராது" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் தவிர, தபாலிலோ கூரியரிலோ பரிசு என்று காட்டி வரி கட்டாமல் இறக்குமதி செய்வதை 2019 டிசம்பரிலேயே அரசு தடை செய்துவிட்டது. விலையைக் குறைத்துக் காட்டினாலும் பறிமுதல், அபராதம் இரண்டும் உங்கள் தலையில்தான் விழும்; அனுப்பியவர் எங்கோ வெளிநாட்டில் நிம்மதியாக இருப்பார்.

2021 ஜனவரியிலிருந்து 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சேகரிப்பு மாடல்களின் பெட்டியில் "14 வயதுக்கு மேல்" என்று போட்டிருப்பது வெறும் அலங்காரம் அல்ல. கூரான ஆன்டெனா, கழன்றுவரும் சக்கரம் எல்லாம் குழந்தை வாயில் போகக்கூடிய அளவு. வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால் அலமாரிக்குப் பூட்டுப் போடுங்கள்.

வாங்கிய பிறகு தலைகாட்டும் ஆபத்தும் ஒன்று உண்டு. இந்த மாடல்கள் ஜமாக் என்ற, துத்தநாகம் பெருவாரியாக உள்ள கலப்பு உலோகத்தில் வார்க்கப்படுகின்றன. வார்க்கும்போது ஈயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். முதலில் பெயிண்டில் கொப்புளம், பிறகு இறக்கையின் அடியில் முடி போன்ற விரிசல், கடைசியில் பிஸ்கட்டைப் போல நொறுங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி பொம்மைகள் பல இப்படித்தான் அழிந்தன. இன்றைய தயாரிப்பில் இது அரிது. ஆனால் வந்துவிட்டால் மருந்து கிடையாது. வெப்பமும் ஈரக்காற்றும் அதைத் துரிதப்படுத்தும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் கண்ணாடி அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பதும், நேர் வெயில் படாமல் பார்ப்பதும் அவசியம். பழைய மாடல் வாங்கும்போது இறக்கை உடலோடு சேரும் இடத்தையும் அடிப்பகுதியையும் குளோசப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

சரி, ஏமாந்தாயிற்று. இனி என்ன செய்வது? யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

கடையிலோ ஆன்லைன் தளத்திலோ வாங்கியிருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். பில் தர மறுப்பதே இச்சட்டப்படி முறையற்ற வணிகம். சொன்னதற்கு மாறான பொருளையோ போலியையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று ஆன்லைன் விற்பனையாளர் சொல்ல முடியாது. "ஒருமுறை விற்றது திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் அது குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. இணைய வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். விற்றவர் டில்லியில் இருந்தாலும் நீங்கள் மதுரையிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். ஒரு விஷயம்: பத்து மாடல்களை மொத்தமாக வாங்கி லாபத்துக்கு விற்பவர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் அல்ல.

தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து ஒன்றை விற்ற தனிநபரிடம் ஏமாந்தால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் உதவாது. அது ஏமாற்றுக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு. போலீசுக்குத்தான் போக வேண்டும். பணம் யுபிஐ வழியே போயிருந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். "அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன், கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்பவன் திருடன். பணம் பெறுவதற்கு எந்த ஆப்பிலும் பின் நம்பர் தேவையில்லை.

கூரியர் பெட்டி வந்ததும் சீல் உடையும் நொடியிலிருந்து, முகவரிச் சீட்டு தெரியும்படி, நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். விற்பவர் போட்ட விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தகராறு வந்ததும் அவர் முதலில் அழிப்பது அதைத்தான். பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு நீங்கள் விற்கப் போனாலும் வாங்குபவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.