வராத அழைப்பின் விலை

விசாவுக்குக் காத்திருக்கும் இளைஞனைப் பணியில் அமர்த்தத் தக்கலைக் கடைக்காரரும் தயங்குவார் என்பதை நாம் அறிவோம். சிங்கப்பூரின் மலாய் முஸ்லிம்களுக்கு அந்நிலை அரசாலேயே நேர்ந்தது. 1967இல் அங்கே 18 வயது ஆண்களுக்குப் படைச்சேவை கட்டாயமாயிற்று. 1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்த நாடு, மலாய்க்காரரின் விசுவாசத்தை ஐயுற்றது. அவர்களில் பெரும்பாலோர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அழைக்கப்படவில்லை. முறையான விலக்கும் அளிக்கப்படவில்லை. எந்நேரமும் அழைப்பு வரலாம் என்றஞ்சி, முதலாளிகள் அவர்களுக்கு வேலை தரவோ தொழில் பழக்கவோ முன்வரவில்லை. சேவைக்குச் சென்றோர் இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் வீடு திரும்பினர். இவர்களுக்கோ தொழில் கற்கும் பருவமே கழிந்தது. விலக்குச் சான்று ஒன்று இருந்திருப்பின் இவ்விழப்பு பெரிதும் குறைந்திருக்கும். ஆனால் அதை வழங்குவது பாகுபாட்டை எழுத்தில் ஒப்புக்கொள்வதாகிவிடுமே!