குளிரில் இறுகும் சாம்பல்

வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதை ஏறிக் கொடைக்கானலுக்கு வந்து சேரும் சிமென்ட் மூட்டைகள் பலவற்றில் போர்ட்லண்டு போசோலானா என்று அச்சிட்டிருக்கும். கடைக்காரரும் கொத்தனாரும் அதைப் பி.பி.சி. என்றே சொல்வார்கள். சாம்பல் கலந்த அந்த வகையில், எடையில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேரலாம் என்று இந்தியத் தர விதி அனுமதிக்கிறது என்று கேட்டவுடனே, சாம்பலையா காசு கொடுத்து வாங்குகிறோம் என்று முகம் சுளிப்பவர் உண்டு. அந்தச் சுளிப்பு நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். சமவெளியை உத்தேசித்து எழுதிய கணக்குகளை இந்தக் குளிர்ப் பிரதேசத்தில் அப்படியே கைக்கொள்வதும் நியாயமன்று.

மேட்டூர், தூத்துக்குடி போன்ற இடங்களில் எரியும் இந்திய நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பலே. அதில் புகையோடு மேலெழும் நுண்துகளை மின்னேற்றிய தகடுகளால் பிடித்து, உலர் சாம்பல் என்று விற்கிறார்கள். நுண்ணோக்கியில் அது கடுகைக் கொட்டியதுபோல் உருண்டை உருண்டையாகத் தெரியும். சிமென்ட் தண்ணீரோடு கூடி இறுகும்போது உபரியாக வெளிப்படும் சுண்ணாம்பு, பலமும் இல்லாமல், மழைநீரில் மெல்லக் கரைந்தும் போகிற பதார்த்தம். கொடைக்கானலின் ஓயாத ஈரத்தில் சுவர்களின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்பதில் அதற்கும் பங்குண்டு. சாம்பலிலுள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைக் கிரகித்துக்கொண்டு, அதையே கெட்டியான பசையாக மாற்றி, நுண்துளைகளையும் அடைத்துவிடுகிறது.

இது நம்மவருக்குப் புதிய ரசாயனமன்று. பழனி மலைத்தொடருக்குத் தெற்கே, 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் சாந்து, சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் சுட்ட செங்கற்பொடியும் கலந்ததுதான். அங்கே செங்கற்பொடி செய்த வேலையை இங்கே உலைச் சாம்பல் செய்கிறது.

ஆலைக் கழிவு என்றாலே இம்மலைவாசிகள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 2001-இல் தெர்மாமீட்டர்த் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிச் சிதறல்கள் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை ஊர் மறக்கவில்லை. சாம்பலிலும் ஆர்சனிக் முதலிய நச்சுகளின் சுவடுகள் உண்டு. திறந்த குட்டைகளில் கொட்டிக் கிடக்கும்போது நீரில் கசியக்கூடிய அவை, இறுகிய கான்கிரீட்டுக்குள் பெரும்பாலும் கட்டுண்டு போகின்றன. அன்றியும், சுண்ணாம்புக் கல்லை 1,450 பாகை உஷ்ணத்தில் சுட்டு சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கர் ஒரு டன் செய்ய முக்கால் டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுவதால், சாம்பல் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவுக்கு அந்தப் புகை மிச்சம்.

தொல்லை அவகாசத்தில்தான் இருக்கிறது. மூன்றாம் நாளில் 53 தரச் சாதாரண சிமென்ட் சதுர மில்லிமீட்டருக்கு 27 நியூட்டன் தாங்க வேண்டுமென்று கேட்கும் விதி, பி.பி.சி.யிடம் 16 மட்டுமே கேட்கிறது; அதுவும் 27 பாகையில் வைத்துச் சோதிக்கும் கட்டிகளில்! டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 பாகைக்கும் கீழே இறங்கும் கொடைக்கானலில், சாம்பலின் வினை இன்னும் மந்தமாகிறது. தளத்தின் அடிமுட்டுகளை 4.5 மீட்டர் அகலம் வரை 7 நாளிலும், அதற்கு மேற்பட்டால் 14 நாளிலும் எடுக்கலாம் என்று ஐ.எஸ். 456 என்னும் இந்தியக் கான்கிரீட் விதிநூல் சொல்வதைப் பலரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். காற்றின் உஷ்ணம் 15 பாகைக்குக் குறையாதிருக்க வேண்டும், சிமென்ட் கலப்பற்ற சாதாரண வகையாக இருக்க வேண்டும் என்று அதே பக்கத்தில் விதித்திருக்கும் இரு நிபந்தனைகளையும் ஒப்பிப்பவர் அரிது. இங்கே குளிர்காலத்தில் இரண்டுமே பொய்த்துப் போகின்றன.

மூடுபனி இருக்கிறதே, தண்ணீர் ஊற்றுவானேன் என்று சிலர் விட்டுவிடுவதும் தவறு. பனி விலகி மலைக்காற்று வீசும் சில மணி நேரத்திலேயே தளத்தின் மேற்பரப்பு வெளிறிப்போகும். கலப்புச் சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும் என்பது விதி. நனைத்த சாக்கை விரித்து, அதன்மேல் பாலிதீனும் போர்த்திவிட்டால், ஈரத்தோடு பகல் வெப்பமும் சற்றே தங்கும். அடிமுட்டுகளையும் அவசரப்பட்டு எடுக்கக் கூடாது; ஆனால் சென்ட்ரிங் பலகைக்கும் முட்டுக்கும் நாள் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. மேலும் பத்து நாள் அவை தளத்தைத் தாங்கி நிற்கட்டும் என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே பேசி, அந்த வாடகையை மதிப்பீட்டிலும் எழுதிக்கொண்டாலன்றி, அடுத்த வேலைக்குப் பலகை வேண்டிக் காத்திருக்கும் மேஸ்திரி எட்டாம் நாள் காலையில் அதைப் பிரிக்கத்தான் செய்வார்.