பொறி நிறைந்தும் குருத்து போவது ஏன்?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மானாவாரி மக்காச்சோளத்துக்குப் புரட்டாசிப் பட்டம் நெருங்கிவிட்டது. முளைத்த முதல் வாரத்திலேயே இனக்கவர்ச்சிப் பொறி வயலில் நின்றாக வேண்டும். வாசகர் கடிதங்களும் அதைப் பற்றியே வருகின்றன. பொறி நிறைய அந்துப்பூச்சி விழுந்தும் படைப்புழு குருத்தைத் தின்றுவிட்டது என்கிறார் ஒருவர். பொறி காலி, புழு மட்டும் எங்கிருந்து வந்தது என்கிறார் இன்னொருவர்.

'பூச்சிகளைக் கவர்ந்து அழிக்கும்' என்று துண்டறிக்கைகள் சொல்வது பாதி உண்மைதான். பொறிக்குள் வைக்கும் ரப்பர் துண்டான லூரில் இருப்பது பெண் அந்துப்பூச்சியின் வாசனை, விழுவது ஆண். ஓர் ஆண் பல இரவுகளில் பல பெண்களோடு சேரும். பத்தில் எட்டு ஆண்கள் பொறிக்குள் கிடந்தாலும் மிஞ்சிய இரண்டு போதும். ஒரு பெண் தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடும். பக்கத்து ஊரில் இணைசேர்ந்துவிட்டுப் பறந்து வரும் தாய்ப்பூச்சி பொறியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

வாசனை பயணப்படும் விதம் அபாரமானது. காற்று அதைப் புகை போல இழுத்துச் செல்கிறது. ஒரே சீராக இல்லை, இழை இழையாக, விட்டுவிட்டு. ஓர் இழை உணர்கொம்பில் பட்டதும் ஆண் காற்றை எதிர்த்துப் பறக்கும். இழை அறுந்தால் இடமும் வலமுமாக அலைந்து தேடும். மறுபடி பட்டால் மறுபடி முன்னேறும். இருட்டில் பொறியை அடைவது இப்படித்தான். காற்று ஓங்கி அடித்தாலோ மழை பெய்தாலோ பிடிப்பு குறைவதும் இதனால்தான். பயிர் ஆளுயரம் வளர்ந்தபின்னும் பொறி இடுப்பளவில் நின்றால் வாசனை தட்டைகளுக்குள்ளேயே முடங்கும். பயிர் வளர வளர, ஓரடி மேலே இருக்கும்படி பொறியையும் உயர்த்த வேண்டும்.

கவலைக்குரிய விஷயம் ஒன்று உண்டு. வயலில் பெண்கள் பெருகினால் லூருக்குப் போட்டியும் பெருகும். பக்கத்துத் தட்டையில் உயிருள்ள பெண் மணம் விடும்போது ரப்பர் துண்டை நாடும் ஆண்கள் குறைவார்கள். பூச்சி மிகுந்த நாளிலேயே பொறி குறைத்துக் காட்டக்கூடும். அதை நம்பி அசந்தால் பயிர் போய்விடும். கண்காணிக்க ஏக்கருக்கு 5 பொறி, கூட்டமாகப் பிடிக்க 15 என்கிறது அரசுப் பரிந்துரை. சுற்றிலும் பொறியில்லாத வயலாக இருக்க, ஒருவர் மட்டும் 15 வைத்து என்ன பயன்?

இனி, சில சிறு கேள்விகள். லூர் எத்தனை நாள் தாங்கும்? பொதுவாக 3 முதல் 4 வாரம். கடும் வெயிலில் இன்னும் குறையும்.

வெறுங்கையால் தொடலாமா? கூடாது.

பருத்திக் காய்ப்புழு லூர் மக்காச்சோளத்துக்கு ஆகுமா? ஆகாது, ஒவ்வொரு பூச்சிக்கும் கலவை வேறு.

மீதி லூரை எங்கே வைப்பது? உறை பிரிக்காமல் ஃபிரிட்ஜில்.

விழுந்ததெல்லாம் படைப்புழு அந்துதானா? இல்லை, முன்னிறகின் நுனியில் வெள்ளைத் திட்டு இருந்தால்தான் ஆண் படைப்புழு அந்து.

முட்டை பொரிய இரண்டு, மூன்று நாள் போதும். முதல் அந்து விழுந்த காலையிலேயே வயலில் இறங்கி, இலைகளைப் புரட்டி முட்டைக் குவியலைத் தேடி நசுக்குங்கள்.